இளநிலைச் சேர்க்கையில் ஒப்பீட்டின் எல்லை: திருவள்ளூர் மாவட்டத்தை முன்வைத்து

தமிழ்நாட்டில் இளநிலைப் பட்டப் படிப்பில் சேரும் மாணவரைப் பல்கலைக்கழகமே நேரடியாகத் தேர்ந்தெடுப்பது குறைவு. சென்னைப் பல்கலைக்கழகம் பாடத்திட்டம் வகுக்கிறது, தேர்வு நடத்துகிறது, பட்டம் வழங்குகிறது. ஆனால் அதனுடன் இணைந்த பொன்னேரி உலகநாத நாராயணசாமி அரசு கல்லூரியில் யார் சேரலாம் என்பதை மாநில அரசின் தரவரிசைப் பட்டியலும் இட ஒதுக்கீட்டுச் சட்டமும் முடிவு செய்கின்றன. பொன்னேரிக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் இடையில் உள்ள கவரைப்பேட்டைத் தனியார் பொறியியல் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்களைத் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் கலந்தாய்வு நிரப்புகிறது. திருவள்ளூரில் 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரிக்கு வழி நீட் தேர்வு. ஒரே பள்ளியில் பிளஸ் டூ முடித்தவர்கள் இவ்வாறு மூன்று வேறு அளவுகோல்களால் அளக்கப்படுகிறார்கள்.

சேர்க்கை பற்றிய விவாதம் பெரும்பாலும் எந்தத் தேர்வு, எவ்வளவு மதிப்பெண் என்பதிலேயே சுழல்கிறது. அதைவிட அடிப்படையான கேள்வி ஒன்று உண்டு: ஒருவர் பெற்ற மதிப்பெண் யாருடைய மதிப்பெண்ணோடு வைத்து ஒப்பிடப்படுகிறது? மாநிலம் முழுவதுமா, ஒரு சமூகத்துக்குள்ளா, ஒரு மாவட்டத்துக்குள்ளா, ஒரே வகைப் பள்ளிகளுக்குள்ளா? இந்த ஒப்பீட்டின் எல்லையை வகுப்பதே சேர்க்கைக் கொள்கையின் உயிர்ப்பகுதி. அந்த எல்லை வெளிப்படையாகவும், மாணவர் வளர்ந்த சூழலுக்குப் பொருந்தியும் அமையும்போதுதான் தரவரிசை நியாயமாகிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

மதிப்பெண் வரிசையாகும் விதம்

பொறியியல் கலந்தாய்வில் கட்-ஆஃப் மதிப்பெண் 200. கணிதம் 100க்கு எடுத்துக்கொள்ளப்படும். இயற்பியலும் வேதியியலும் தலா 50ஆகச் சுருக்கப்படும். அரசு கலை, அறிவியல் கல்லூரிகளில் மொழிப்பாடங்கள் நீங்கலாக நான்கு பாடங்களின் கூட்டுத்தொகை 400க்குக் கணக்கிடப்படுகிறது. தமிழ், ஆங்கில இலக்கியப் படிப்புகளுக்கு அந்தந்த மொழிப்பாட மதிப்பெண்ணே வரிசையைத் தீர்மானிக்கும்.

இரு மாணவிகளைக் கொண்டு இதைப் பார்க்கலாம். முதலாமவர் கணிதத்தில் 90, இயற்பியலில் 70, வேதியியலில் 74 பெற்றவர். இரண்டாமவர் முறையே 70, 90, 90 பெற்றவர். நான்காவது பாடத்தில் இருவருக்கும் 80. பொறியியல் கணக்கில் முதலாமவருக்கு 90, 35, 37 சேர்ந்து 162. இரண்டாமவருக்கு 70, 45, 45 சேர்ந்து 160. முதலாமவர் முந்துகிறார். கலைக்கல்லூரிக் கணக்கில் அவருக்கு 314, இரண்டாமவருக்கு 330. வரிசை தலைகீழாகிறது. விடைத்தாள்கள் அவையே; கூட்டும் முறைதான் வேறு.

லட்சக்கணக்கானோர் விண்ணப்பிக்கும் முறையில் ஒரே கட்-ஆஃப் பலருக்கு வருவது இயல்பு. அப்போது கணித மதிப்பெண், இயற்பியல் மதிப்பெண் என ஒவ்வொன்றாகப் பார்த்து, பிளஸ் டூ, பத்தாம் வகுப்பு மொத்தங்களையும் பிறந்த தேதியையும் கடந்து, கடைசியில் கணினி வழங்கிய சமவாய்ப்பு எண் வரை போவார்கள். அடுத்தடுத்த இரு தரவரிசை எண்களுக்கிடையில் சில வேளைகளில் திறமை வேறுபாடு எதுவுமே இருக்காது என்பதை முறையே ஒப்புக்கொள்ளும் இடம் இது. 2021இல் கொரோனாவால் பிளஸ் டூ பொதுத்தேர்வு ரத்தானபோது பத்தாம் வகுப்புக்கு 50, பதினொன்றாம் வகுப்புக்கு 20, பன்னிரண்டாம் வகுப்புச் செய்முறை, அகமதிப்பீட்டுக்கு 30 விழுக்காடு எனப் பிரித்து மதிப்பெண் வழங்கப்பட்டது. தரவரிசை மனிதர் வகுக்கும் ஏற்பாடு என்பதற்கு அந்த ஆண்டு தெளிவான சான்று.

நீதிமன்றங்களும் ஒப்பீட்டின் எல்லையும்

1857இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகம் மெட்ரிகுலேஷன் தேர்வைத் தானே நடத்தியது. தேறியவருக்கு வாசல் திறந்தது. இடங்களைவிட விண்ணப்பங்கள் பெருகிய பின்பே தேர்ச்சியிலிருந்து தெரிவு என்ற சிக்கல் பிறந்தது. வகுப்புவாரி அரசாணை அதற்குக் கிடைத்த முதல் பெரிய விடை. 1940களின் இறுதியில் இருந்த வடிவில் அந்த ஆணை ஒவ்வொரு 14 இடங்களையும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணருக்கு 2, ஆதிதிராவிடருக்கு 2, முஸ்லிம்களுக்கு 1, ஆங்கிலோ இந்தியருக்கும் இந்தியக் கிறித்தவருக்கும் சேர்த்து 1 எனப் பங்கிட்டது. 1951இல் செண்பகம் துரைராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. அதே ஆண்டு அரசியலமைப்பின் முதல் திருத்தம் 15(4) பிரிவைச் சேர்த்து இட ஒதுக்கீட்டுக்கு அடித்தளமிட்டது.

அதன் பிறகு மாநில அரசு நிலப்பகுதியை எல்லையாகக் கொள்ள முயன்றது. மருத்துவ இடங்களை மாவட்டவாரியாக, மக்கள்தொகை விகிதத்தில் பங்கிட்ட விதியை 1968இல் பி.ராஜேந்திரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அதிக மதிப்பெண் பெற்ற ஒருவர் வேறு மாவட்டத்தவர் என்பதற்காக இடமிழப்பது சமத்துவத்துக்கு முரண் என்பது அதன் காரணம். கல்லூரிகளை அலகுகளாகப் பிரித்துத் தேர்ந்தெடுத்த முறை, நேர்முகத் தேர்வுக்கு 75 மதிப்பெண் ஒதுக்கிய நடைமுறையோடு சேர்ந்து, பெரியகருப்பன் வழக்கில் கண்டனத்துக்கு உள்ளானது. பின்னர் வந்த கிராமப்புற மாணவருக்கான ஒதுக்கீட்டையும் 2001இல் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. சமூகம் என்ற எல்லை சட்டத்தில் வேரூன்றியது. ஊர் என்ற எல்லை வேர்பிடிக்கவில்லை.

இன்று நிலவும் 69 விழுக்காட்டு ஒதுக்கீட்டுக்கு 1993ஆம் ஆண்டுச் சட்டமும், அதை ஒன்பதாவது அட்டவணையில் சேர்த்த 1994ஆம் ஆண்டின் 76ஆவது திருத்தமும் அரணாக உள்ளன. பிற்படுத்தப்பட்டோர் 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்கள் 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோர், சீர்மரபினர் 20, ஆதிதிராவிடர் 15, அருந்ததியர் 3, பழங்குடியினர் 1 என்பது பங்கீடு. எஞ்சிய 31 விழுக்காடு எல்லாச் சமூகத்தாருக்கும் திறந்த பொதுப்பிரிவு.

1984இல் தொழிற்படிப்புகளுக்கு வந்த நுழைவுத் தேர்வு, பயிற்சி மையங்களுக்குக் கட்டணம் கட்ட இயன்றவருக்கே சாதகமானது என்ற குற்றச்சாட்டு வலுத்தது. மு.ஆனந்தகிருஷ்ணன் குழுவின் பரிந்துரையைத் தொடர்ந்து 2006இல் இயற்றப்பட்ட சட்டத்தால் 2007 முதல் அது நீங்கியது. அந்தச் சட்டத்தில் ஒரு கூறு தனிக்கவனம் பெறத்தக்கது. வெவ்வேறு கல்வி வாரியங்களின் மதிப்பெண்ணை அப்படியே ஒப்பிடாமல் சமன்படுத்தச் சொல்கிறது அது. ஒரு வாரியத்தின் உச்ச மதிப்பெண் 95, மாநில வாரியத்தின் உச்சம் 100 என்றால், அங்கு 76 பெற்றவர் இங்கு 80 பெற்றவராகக் கொள்ளப்படுவார். தேர்வுச் சூழல் மாறினால் எண்ணின் பொருளும் மாறும் என்பதைச் சட்டமே ஏற்றுக்கொண்டது. வாரியங்களுக்கிடையே ஏற்றதைப் பள்ளிகளுக்கிடையே ஏற்க மேலும் 13 ஆண்டுகள் ஆயின.

7.5 விழுக்காடு: பள்ளி என்ற எல்லை

2017 முதல் மருத்துவச் சேர்க்கை நீட் வழிக்கு மாறியபின் அரசுப் பள்ளி மாணவர் மருத்துவக் கல்லூரிகளிலிருந்து ஏறத்தாழ மறைந்தனர். நீதிபதி பி.கலையரசன் குழுவின் ஆய்வைத் தொடர்ந்து 2020இல் வந்த சட்டம், ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவருக்கு 7.5 விழுக்காட்டு உள்ஒதுக்கீடு அளித்தது. முந்தைய ஆண்டில் ஒற்றை இலக்கத்தில் இருந்த அவர்களின் எண்ணிக்கை, மருத்துவம், பல் மருத்துவம் இரண்டிலுமாக முதல் ஆண்டிலேயே சுமார் 400ஆக உயர்ந்தது. நீதிபதி த.முருகேசன் குழுவின் அறிக்கைக்குப் பின், 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் இது விரிந்தது. மருத்துவ ஒதுக்கீட்டைச் சென்னை உயர் நீதிமன்றம் 2022 ஏப்ரலில் உறுதி செய்தது.

இந்த ஒதுக்கீடு தகுதியைத் தளர்த்துகிறது என்பது வழக்கமான மறுப்பு. நீட்டில் தகுதி பெற்றாக வேண்டும்; தரவரிசையும் உண்டு; சமூக ஒதுக்கீடும் அதற்குள் இயங்குகிறது. மாறியது ஒப்பீட்டின் எல்லை மட்டுமே. இயற்பியல் ஆசிரியர் பணியிடம் காலியாகக் கிடந்த பள்ளியில் படித்தவரின் மதிப்பெண், அதே நிலையில் படித்த பிறரின் மதிப்பெண்ணோடு வைத்துப் பார்க்கப்படுகிறது. மாவட்ட எல்லைக்கு மறுக்கப்பட்ட ஏற்பு பள்ளி எல்லைக்குக் கிடைத்ததன் காரணமும் இதுவே: பிறந்த ஊரைவிட, படித்த பள்ளி கற்றலின் வாய்ப்போடு நேரடித் தொடர்புடையது.

தரவரிசைக்கு முன்பே நடக்கும் தெரிவு

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையும் அதைச் சூழ்ந்த செங்கல் சூளைகளும் அரிசி ஆலைகளும் கொண்ட வட்டாரத்தில், பட்டியலில் பெயர் ஏறுவதற்கு முன்பே ஒரு தெரிவு நடந்துவிடுகிறது. மூன்று பிரிவினர் நிலை இதைக் காட்டும்.

முதலாவது, இருளர் பழங்குடியினர். பிற சமூகங்களுக்கு வட்டாட்சியர் அலுவலகமே சாதிச் சான்றிதழ் தருகிறது; பழங்குடியினர் சான்றிதழுக்குக் கோட்டாட்சியரின் விசாரணை வேண்டும். கும்மிடிப்பூண்டி வட்டத்துக்குக் கோட்ட அலுவலகம் பொன்னேரியில். சூளைக்குச் சூளை இடம்பெயரும் பெற்றோரிடம் நிலையான முகவரியோ முந்தைய தலைமுறையின் ஆவணமோ இருப்பது அரிது. கலந்தாய்வு நாளில் சான்றிதழ் கையில் இல்லையென்றால், அவருக்காகவே வகுக்கப்பட்ட ஒரு விழுக்காடு அவருக்கு எட்டாது.

இரண்டாவது, கும்மிடிப்பூண்டி மறுவாழ்வு முகாமில் வாழும் இலங்கைத் தமிழர். இங்கேயே பிறந்து, இங்கேயே அரசுப் பள்ளியில் படித்தாலும் குடியுரிமை கேட்கும் படிவங்கள் முன் அவர்கள் நின்றுவிடுகிறார்கள். 2021இல் அரசு அறிவித்த கல்வி உதவிகள் கட்டணச் சுமையைக் குறைக்கின்றன. குடியுரிமைச் சிக்கல் அப்படியே இருக்கிறது.

மூன்றாவது, ஒடிசா, பீகார் போன்ற மாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளரின் பிள்ளைகள். எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டில் படித்தவர் பொறியியல் கலந்தாய்வில் பங்கேற்கலாம். ஆனால் சமூக ஒதுக்கீடு தமிழ்நாட்டுப் பூர்வீகத்தாருக்கே உரியதால் அவர்கள் பொதுப்பிரிவில்தான் போட்டியிட வேண்டும்.

இம்மூவருக்கும் தடையாக நிற்பது மதிப்பெண் அன்று, ஆவணம். தேர்வு முறையை எவ்வளவு திருத்தினாலும் இந்தத் தடை நீங்காது.

பிற நாடுகளின் பாடம்

இலங்கையில் 1970களின் தொடக்கத்தில் மொழிவாரித் தரப்படுத்தல் வந்தபோது, தமிழ்மொழி மூலம் எழுதியவர் அதே படிப்புக்குக் கூடுதல் மதிப்பெண் பெற வேண்டியதாயிற்று. ஒப்பீட்டின் எல்லையைக் கற்றல் வாய்ப்பில் அல்லாமல் மொழியில் போட்டதன் விளைவு, ஒரு தலைமுறை இளைஞர் அரசின் மீதிருந்த நம்பிக்கையை இழந்தது. பின்னர் வந்த மாவட்ட ஒதுக்கீட்டு முறை பல மாற்றங்களுக்குப் பின் இன்றும் தொடர்கிறது: பெரும்பாலான படிப்புகளில் 40 விழுக்காடு நாடளாவிய தரவரிசைக்கு, 55 விழுக்காடு மாவட்டங்களுக்கு, 5 விழுக்காடு பின்தங்கிய மாவட்டங்களுக்கு. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் 1997இல் வேறு வழி கண்டது. ஒவ்வோர் உயர்நிலைப் பள்ளியிலும் முதல் பத்து விழுக்காட்டில் வருபவருக்கு மாநிலப் பல்கலைக்கழகத்தில் இடம் உறுதி என்று சட்டமியற்றியது. எல்லையை எங்கே போடுகிறோம் என்பதே முறையின் முகத்தை மாற்றுகிறது என்பதற்கு இவ்விரண்டும் சான்று.

முடிவுரை

தமிழ்நாட்டுச் சேர்க்கை முறையின் பெரும் வலிமை வெளிப்படைத்தன்மை. நேர்முகத் தேர்வின் தயவு இல்லை. சூத்திரம் எல்லோருக்கும் தெரியும். தரவரிசை ஊரறிய வெளியாகிறது. இந்த வலிமையைக் கைவிடாமலே மூன்று திருத்தங்கள் செய்யலாம். பழங்குடியினர் சான்றிதழை மாணவர் தேடி அலையாதபடி, பத்தாம் வகுப்புக்குள் பள்ளி வழியாகவே வழங்குவதை வருவாய்த் துறையின் கடமையாக்க வேண்டும். முகாமில் வளர்ந்து இங்கேயே பள்ளிப்படிப்பை முடித்தவருக்கு மாநில அரசு நிரப்பும் இடங்களில் குடியுரிமை தடையாகக் கூடாது. ஒவ்வொரு கல்லூரியும் சேர்ந்தவர் எந்த வட்டத்தின் எவ்வகைப் பள்ளியிலிருந்து வந்தார் என்ற கணக்கை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்; 7.5 விழுக்காடு போதுமா என்பதை ஊகத்தால் அன்றி அக்கணக்கைக் கொண்டே முடிவு செய்ய இயலும். சூளையோரம் வளர்ந்த பிள்ளையின் 70 மதிப்பெண்ணுக்குப் பின்னால் உள்ள உழைப்பைக் காணத் தவறும் தரவரிசை, எவ்வளவு துல்லியமாகக் கணக்கிடப்பட்டாலும் முழுமையான நீதி ஆகாது.