அவள் கூலி அவள் கையில்

டென்மார்க்கின் எழுத்தாளர், அரசியல்வாதி ஃபிரெட்ரிக் பாயரை (1837–1922) அமைதி இயக்கத்தவராகவே வரலாறு நினைவில் வைத்திருக்கிறது. 1864 போரில் லெப்டினன்டாக இருந்தவர். போர் முடிந்து படையிலிருந்து விடுவிக்கப்பட்டபின் ஆசிரியராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் பிழைத்தவர். 1908இல் அமைதிக்கான நோபல் பரிசைச் சுவீடனின் அர்னால்ட்சனுடன் பகிர்ந்துகொண்டார்.

எனக்கோ அந்தப் பரிசைவிட 1880ஆம் ஆண்டின் ஒரு சிறு சட்டமே பெரிதாகப் படுகிறது. மணமான பெண் தன் உழைப்பால் ஈட்டும் கூலியைத் தானே ஆளலாம் என்றது அது. நாடாளுமன்றத்தில் அதற்காக முன்னின்றவர் பாயர். டென்மார்க்கில் மணமாகாத பெண்களுக்கு 1857 முதலே 25 வயதில் சட்டப்படி முழு உரிமை இருந்தது. திருமணமானால் அது போய்விடும். துணி தைத்தோ வெளுத்தோ ஒருத்தி கொண்டுவரும் காசு கணவனின் அதிகாரத்துக்கு உட்பட்டது. குடிக்காக அவன் அதை எடுத்தாலும் கேட்க முடியாது. புதிய சட்டமும் கூலியோடு நின்றது. சொத்துரிமையில் மணமான பெண்ணும் முழு வயதினளாக மதிக்கப்பட 1899 வரை ஆயிற்று.

இந்தக் கதையில் இன்னொரு பெயர் உண்டு: மத்தில்டே பாயர். 1867இல் ஃபிரெட்ரிக்கை மணந்தவர். 1871இல் இருவரும் சேர்ந்து டேனிஷ் பெண்கள் சங்கத்தைத் தொடங்கினார்கள். வாக்குரிமை கேட்க அச்சங்கம் தயங்கியபோது, 1885இல் பெண்கள் முன்னேற்றச் சங்கத்தை உருவாக்கியவர்களில் மத்தில்டேவும் ஒருவர். வாக்குரிமையையும் உலக அமைதியையும் உழைக்கும் பெண்களின் நிலையையும் அது ஒன்றாகவே பேசியது. மறு ஆண்டே பெண்களுக்கு உள்ளாட்சி வாக்குரிமை கோரும் மசோதாவை ஃபிரெட்ரிக் கொண்டுவந்தார். அந்த உரிமை 1908இல்தான் கிடைத்தது.

பெண்களுக்காகப் பேசிய ஆண் என்று அவரைப் பாராட்டுவது எளிது. பாராட்ட வேண்டியதுதான். ஆனால் 1872 முதல் 1895 வரை அவர் அமர்ந்திருந்த அவைக்கு ஓட்டுப் போடவோ போட்டியிடவோ மத்தில்டேவுக்கு உரிமையில்லை. சங்கத்தில் பெண்கள் பேசிய கோரிக்கை, அவைக்குப் போனதும் ஓர் ஆணின் பெயரில் பதிவானது. இதில் ஃபிரெட்ரிக்கின் குற்றம் எதுவுமில்லை. தனக்குக் கிடைத்த இடத்தை, அது மறுக்கப்பட்டவர்களுக்காகவே அவர் பயன்படுத்தினார். அவைக் குறிப்புகளோடு நின்றுவிடும் வரலாற்றைப் பற்றியே என் வழக்கு. சங்கக் கூட்டங்களையும் பெண்கள் நடத்திய பத்திரிகைகளையும் சேர்த்துப் படித்தால்தான் அந்தச் சட்டம் எங்கிருந்து வந்தது என்று தெரியும்.

1915இல் டேனிஷ் பெண்கள் நாடாளுமன்ற வாக்குரிமை பெற்றபோது மத்தில்டேவுக்கு வயது 75.