நூல் தொடங்கும் அருமை: பாயிர மரபும் கோலார் தங்கவயல் வாசகரும்

1. முன்னுரை

நூலெழுதப் புகுவோர் முதல் வரியிலேயே தடைப்பட்டு நிற்பது இக்கால எழுத்தாளர்க்கு மட்டும் உரிய இடர்ப்பாடு அன்று. 'அடியெடுத்துக் கொடுத்தல்' என்னும் தொடர் தமிழில் நிலைபெற்றிருப்பதே இதற்குச் சான்றாகும். முதல் அடியைப் பிறர் ஒருவர் எடுத்துத் தரவேண்டும் என்னும் எண்ணம் அத்தொடரில் பொதிந்துள்ளது. நூல் தொடங்கும் அருமையைத் தமிழ் மரபு எவ்வாறு எதிர்கொண்டது என்பதையும், அம்மரபின் துணை முழுமையாகக் கிட்டாத ஒரு சூழலில் அயோத்திதாசப் பண்டிதரின் நூல்கள் எவ்வாறு தோன்றின என்பதையும், அவற்றை நூலாக நிலைநிறுத்தியதில் கோலார் தங்கவயல் வாசகர்க்கு இருந்த பங்கையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. மரபு கண்ட வழிகள்

தொடக்கச் சிக்கலுக்கு மரபு இருவகைத் தீர்வுகளை வழங்கியது. ஒன்று தெய்வத்தின் துணை. மற்றொன்று அவையின் துணை.

சேக்கிழார் பெரியபுராணம் பாடத் தொடங்கியபோது தில்லையில் இறைவனே முதற்சொல்லை அருளினான் என்பது வரலாறாகச் சொல்லப்படுகிறது. கந்தபுராணத்தின் முதலடியைக் காஞ்சிக் குமரகோட்டத்து முருகன் கச்சியப்ப சிவாசாரியார்க்கு எடுத்துக் கொடுத்தான் என்பர். அரங்கேற்றத்தில் அம்முதலடியின் புணர்ச்சி இலக்கணத்திற்கு ஒவ்வாதது எனத் தடை எழுந்ததாகவும், வீரசோழியத்தில் அதற்கு விதி காட்டப்பட்ட பின்னரே அரங்கேற்றம் தொடர்ந்ததாகவும் அக்கதை கூறும். வீரசோழியம் 11-ஆம் நூற்றாண்டில் புத்தமித்திரர் என்னும் பௌத்தர் இயற்றிய இலக்கணம். முருகன் தந்த அடிக்குப் பௌத்தரின் இலக்கணம் துணைநின்றதாக மரபே ஒப்புக்கொள்வது கருதத்தக்கது.

இக்கதையில் பெரிதும் கவனிக்கப்படாத கூறு ஒன்றுண்டு. கச்சியப்பர் நாள்தோறும் நூறு பாடல் பாடி ஏட்டினைக் கருவறையில் வைத்தார் என்றும், மறுநாள் அது திருத்தப்பெற்றிருந்தது என்றும் சொல்லப்படுகிறது. அருளப்பட்டது முதலடி மட்டுமே. எஞ்சிய பெருநூல் நாளொன்றுக்கு இவ்வளவு என்னும் அளவினாலும், மறுநாள் திருத்தம் கிடைக்கும் என்னும் உறுதியினாலும் வளர்ந்தது.

இரண்டாம் தீர்வைப் பாயிர மரபிற் காணலாம். எத்துணை விரிந்த நூலாயினும் பாயிரம் இல்லையேல் அது நூலன்று என்பது நன்னூலாரின் கருத்து. நூல் செய்தவனின் பெயர், நூல் வந்த வழி, வழங்கும் எல்லை, நூலின் பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் ஆகிய எட்டும் சிறப்புப்பாயிரத்தில் உரைக்கப்படல் வேண்டும். காலம், களம், காரணம் என்னும் மூன்றையும் இவற்றோடு சேர்த்துக் கூறுவோரும் உளர். ஆயின் சிறப்புப்பாயிரம் உரைத்தற்குரியோர் ஆசிரியர், உடன்கற்றோர், மாணாக்கர், உரைகாரர் ஆகியோரே, நூலாசிரியர் அல்லர். பாயிரத்திற்கு வழங்கும் புறவுரை, தந்துரை என்னும் பெயர்களும் அது வெளியிலிருந்து வருவது என்பதையே உணர்த்துகின்றன. வாசகர் முதலில் படிக்கும் பகுதி, ஆசிரியர் தம் பணி முடிந்தபின் பிறரிடமிருந்து பெறும் பகுதியாகும். எனவே, நூலின் தொடக்கத்தையும் எழுத்தின் தொடக்கத்தையும் மரபு வேறுபடுத்தியே கண்டது எனலாம்.

3. அவை இல்லாதார் நிலை

இவ்விரு தீர்வுகளும் எழுதுவோனுக்கு ஒரு கோயிலோ அவையோ உண்டு என்னும் அடிப்படையில் அமைந்தவை. கோயிலில் நுழைவும் அவையில் இடமும் மறுக்கப்பட்டவர் எழுதத் தொடங்குவது எவ்வாறு? அவையே இல்லாதவர் யார்முன் அவையடக்கம் கூறுவது?

அயோத்திதாசர் (1845-1914) இவ்வினாவைத் தம் வாழ்விலேயே எதிர்கொண்டவர். தீண்டாமைக்கு ஆட்படுத்தப்பட்ட சமூகத்திற் பிறந்த அவர், சித்த மருத்துவராகவும் தமிழ்ப் புலவராகவும் விளங்கினார். 1898-இல் கர்னல் ஆல்காட்டின் துணையோடு இலங்கை சென்று பௌத்தம் தழுவி, சென்னை இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். பௌத்தமே தம் மக்களின் பண்டைச் சமயம் என நிறுவுவது அவர் மேற்கொண்ட பணி. இதற்குப் புத்தரின் வரலாறும் நாட்டின் வரலாறும் புதிதாக எழுதப்பட வேண்டியிருந்தன. தமிழில் முன்மாதிரி அரிதாகிய, அளவிற் பெரிதாகிய பணி அது.

அவர் நூலெழுதத் தொடங்கவில்லை, இதழ் தொடங்கினார். 1907 ஜூன் 19, புதன்கிழமை 'ஒரு பைசாத் தமிழன்' வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது 62. மறு ஆண்டில் இதழின் பெயர் 'தமிழன்' என்றாயிற்று. இன்று அவர் எழுத்துகளாக அறியப்படுவனவற்றின் பெரும்பகுதி, அவர் மறைந்த 1914-ஆம் ஆண்டு வரையிலான ஏறத்தாழ ஏழாண்டுகளில் இவ்விதழிற் பகுதி பகுதியாக வெளிவந்தவையே. 1912-இல் நூலாகிய 'பூர்வத் தமிழொளியாம் புத்தரது ஆதிவேதம்' இவ்வாறு உருவானது. 'இந்திரர் தேச சரித்திரம்' இதழ்த்தொடராக எழுதப்பட்டதே.

வார இதழ் தொடக்கத்தின் சுமையைப் பல தொடக்கங்களாகப் பகிர்ந்தளித்தது. ஒரு கிழமைக்குரிய பகுதி முழு நூலின் தகுதியைத் தாங்கவேண்டியதில்லை. வாசகர் விடுக்கும் வினாவுக்கு விடை எழுதும் வழக்கம் இதழில் இருந்தமையால், எழுதுவதற்குரிய காரணமும் வெளியிலிருந்தே வந்தது. பாயிரம் கூறும் 'கேட்போர்', 'காரணம்' ஆகிய இரண்டும் இங்கு நூலுக்கு முன்பே அமைந்துவிட்டன.

மற்றொரு முறையும் அவர் எழுத்திற் காணப்படுகிறது. அவர் பெரும்பாலும் ஒரு சொல்லை விளக்கி அதனின்று வரலாற்றைத் தொடங்குகிறார். ஐம்பொறிகளை வென்ற புத்தரே இந்திரர், அவரைப் போற்றிய நாடே இந்திரர் தேசம் என்பது அவர் தரும் விளக்கம். திருக்குறளை அவர் 'திரிக்குறள்' எனக் கொண்டு திரிபிடகத்தோடு இயைத்தார். வரலாற்று மொழியியல் இவ்விளக்கங்களை ஏற்பதில்லை. எனினும் அவை பனுவலில் ஆற்றும் பணியை மொழியியலார் புறக்கணித்தல் இயலாது. வரலாற்றை எங்கிருந்து தொடங்குவது என்று தயங்குவார்க்கு, நாவில் வழங்கும் சொல் ஒன்று உறுதியான தொடக்கப்புள்ளியாகிறது. வழக்கிலுள்ள சொல்லைக் கையாள எவர் இசைவும் வேண்டியதில்லை.

4. தங்கவயலின் பங்கு

இதழ் சென்னையில் அச்சாயிற்று. ஆயின் அதன் வாசகர் சென்னையில் மட்டும் இருந்தவர் அல்லர். அவர்தம் முதன்மையான இடங்களுள் ஒன்று மைசூர் நாட்டின் கோலார் தங்கவயல். 1880-இல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் அங்குச் சுரங்கப்பணியை மேற்கொண்டபின், வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து தமிழர் பெருந்தொகையினராகக் குடியேறினர். அவருள் மிகப் பலர் தீண்டாமைக்கு ஆட்பட்ட சமூகத்தினர். ஊரில் நிலத்தையும் நிலவுடைமையாளரையும் சார்ந்திருந்த அவர்கள் இங்கு நாணயமாகக் கூலி பெற்றனர். சுரங்கவேலை உயிருக்கு இடையூறு மிக்கது. குடியிருப்போ தட்டிக் குடிசை. எனினும் ஒரு பைசா கொடுத்து இதழ் வாங்கும் தன்னுரிமை அங்கு வாய்த்தது. ஒருவர் வாங்கிப் படிக்கப் பலர் கேட்பது அக்காலப் பொதுவழக்கு. ஆதலால் 'கேட்போர்' என்னும் பாயிரச்சொல் இவ்வாசகர்க்கு நேர்ப்பொருளிலேயே பொருந்தும். கன்னடமும் தெலுங்கும் சூழ்ந்த அவ்விடத்தில், இதழின் தமிழ் அவர்களை ஒரு சமூகமாகப் பிணைத்தது.

தங்கவயலின் மாரிகுப்பத்தில் சாக்கிய பௌத்த சங்கத்தின் கிளை சிறப்புற இயங்கியது. அயோத்திதாசர் மறைந்தபின் சிறிது காலத்தில் நின்றுபோன 'தமிழன்', 1926-இல் ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு தங்கவயலிலிருந்தே மீண்டும் வெளிவந்தது. அங்கு இயங்கிய சித்தார்த்த புத்தகசாலை, பழைய இதழ்களிற் சிதறிக்கிடந்த தொடர்களைத் தொகுத்து நூல்களாகவும் சிறுநூல்களாகவும் வெளியிட்டது. 'இந்திரர் தேச சரித்திரம்' நூல்வடிவம் பெற்றது அப்புத்தகசாலையால். ஆசிரியர் தாள்களில் எழுதியதற்கு அட்டையும் தலைப்பும் இட்டு 'இது நூல்' என அறிவித்தவர் வாசகரே. பாயிரம் தரும் உரிமையை மாணாக்கர்க்கு நன்னூல் வழங்கியது. அவ்வுரிமையைத் தங்கவயலார் நடைமுறையில் மேற்கொண்டனர்.

5. மொழிபெயர்ப்பாளர் கருதத்தக்கன

இவ்வாறு பிறந்த நூலை மொழிபெயர்ப்பவர் அதன் வாரக் கூறுகளை மனங்கொள்ளல் வேண்டும். கூறியது கூறல் இங்கு எப்போதும் குற்றமாகாது. சென்ற கிழமைக்கும் இக்கிழமைக்கும் இடையே கேட்போர்க்குப் பாலமாகவும் அது அமையும். இடையிடையே வரும் விளித்தொடர்களை நீக்கினால், எழுத்தைத் தூண்டிய கேட்போரே பனுவலிலிருந்து நீங்கிவிடுவர். சொல்விளக்கங்களை அடிக்குறிப்பிற்கு ஒதுக்கினால் தொடக்கப்புள்ளியே மறைந்துவிடும்.

ஞான அலாய்சியஸ் தொகுத்து, பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் 1999-இல் வெளியிட்ட 'அயோத்திதாசர் சிந்தனைகள்' இவ்வெழுத்துகளை மீண்டும் ஆய்வுலகின்முன் வைத்தது.

6. முடிவுரை

அயோத்திதாசர் எழுதிவந்த திருக்குறள் உரை அவர் மறைவால் முற்றுப்பெறாது நின்றது. முழுமை கிட்டிய பின்னரே வெளியிடுவது என அவர் காத்திருந்திருப்பின், முற்றுப்பெற்ற பகுதியும் வாசகரை எட்டியிராது. தங்கவயல் சுரங்கங்கள் 2001-இல் மூடப்பட்டன. அங்கு அச்சான நூல்களோ இன்றும் படிக்கப்படுகின்றன.

தொடங்கும் அருமை தனிமனிதரின் உள்ளக்குறை மட்டும் அன்று என்பதை இவ்வரலாறு காட்டுகிறது. யாருக்கு எழுதுவது என்பது தெளிவுறாதவரை முதல் வரி அமைவது அரிது. மரபில் தெய்வமும் அவையும் எடுத்துக் கொடுத்த அடியை, இங்கு ஒரு பைசா கொடுத்து இதழ் வாங்கிக் கேட்டவர்கள் எடுத்துக் கொடுத்தனர்.