மருந்தின் பயனும் பிணியாளரின் திருப்தியும்: பெருங்குடல் புண்ணழற்சி குறித்து ஓர் ஆராய்ச்சி

பெருங்குடலின் உட்சவ்வு புண்ணாகி, இரத்தமும் சளியும் கலந்த மலம் நாளொன்றுக்குப் பலமுறை வெளியேற, தணிவதும் மீள்வதுமாகப் பெரும்பாலோரிடம் ஆயுள்பரியந்தம் தொடரும் புண்ணழற்சி நோயில், மருந்து பயன்பட்டதா என்பதை வைத்தியர் ஒருவிதமாகவும் பிணியாளர் வேறுவிதமாகவும் நிச்சயிக்கின்றனர். பிணியாளரின் திருப்தியைத் தனியே அளத்தல் வேண்டும் என்பதும், நோயின் எப்பருவத்தில் அளந்தோம் என்று குறிக்காவிடின் அவ்வளவீடு நம்மை ஏமாற்றும் என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த ட்ரூலவ், விட்ஸ் என்னும் வைத்தியர் இருவரும் 210 பிணியாளரைக் கொண்டு நடத்தி 1955-இல் வெளியிட்ட ஆய்வில், கார்டிசோன் பெற்றோருள் நூற்றுக்கு 41 பேருக்கு ஆறு வாரத்தில் நோய் தணிந்தது. போலி மருந்து பெற்றோருள் 16 பேருக்கே தணிந்தது. இரத்தப்போக்கு நின்று, நல்லுறக்கம் கொண்டு எழுந்த ஒருவரை அன்று வினவியிருந்தால், அம்மருந்தை அவர் அமிர்தமென்றே கூறியிருப்பார். ஆயினும் அவ்விருவரே 1959-இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வு, தணிந்த நோய் மீளாதபடி காக்கும் ஆற்றல் கார்டிசோனுக்கு இல்லை என்று காட்டிற்று. நெடுநாள் உட்கொள்வோர்க்கோ முகம் பருத்து, எலும்பு நலிந்து, உறக்கமும் கெடுகிறது. ஆறாம் வாரத்துத் திருப்தியை ஆறாம் மாதத்துக்கும் சாட்சியாக்குவது எங்ஙனம் பொருந்தும்?

இதற்கு நேர்மாறானது சல்ஃபாசலசினின் வரலாறு. ஸ்வீடன் தேசத்து நன்னா ஸ்வார்ட்ஸ் அம்மையார் மூட்டுவாதத்திற்கென வகுத்த இம்மருந்து குடல்நோய்க்கே பேருதவி புரிந்தது; ஆனால் குமட்டல், தலைவலி, ஆடவரின் விந்தணுக் குறைவு முதலிய சங்கடங்களையும் உடன் கொணர்ந்தது. குணந்தரும் பகுதி வேறு, அதைக் குடலுக்குச் சுமந்து செல்லும் சல்ஃபா பகுதி வேறு என்று 1977-இல் தெளிவானபின், அக்குணந்தரும் பகுதியாகிய மெசலமைன் தனி மருந்தாயிற்று. தொல்லை பெரிதும் குறைந்தது; சலிப்பு குறையவில்லை. நோவே இல்லாத ஒருவர் நாள்தோறும் பல மாத்திரைகளை விழுங்குவதும், இரவில் இடப்புறம் சாய்ந்து எனிமா ஏற்றுக்கொள்வதும் எளிய காரியமல்ல. அத்தகையோர் குறை கூறுவதில்லை. ஓசையின்றி மருந்தை விட்டுவிடுகின்றனர். நோய் தணிந்திருந்த 99 பேரைத் தொடர்ந்து கவனித்து 2003-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு, மருந்தைச் சரிவர உட்கொள்ளாதோர்க்கு நோய் மீளும் அபாயம் ஐந்து மடங்கிற்கும் மேல் என்று கண்டது.

திருப்தி வெறும் மனோபாவம், அது சாஸ்திரத்திற்கு உதவாது என்பாரும் உளர். மருந்தை விடச் செய்து நோயை மீட்டுக் கொணரும் ஒன்றை வெறும் மனோபாவமென்று தள்ளுதல் தகாது. மருந்தின் பயன், பக்கவிளைவு, சௌகரியம், முழுமையான திருப்தி என்னும் நான்கையும் அளக்கும் வினாப்பட்டியல் 2004 முதலே வழக்கில் உள்ளது. ஆனால் 1987 முதல் மருந்தாய்வுகளில் பெரிதும் கையாளப்படும் மேயோ அளவுகோலோ மலத்தின் எண்ணிக்கை, இரத்தப்போக்கு, உள்நோக்கிக் காட்சி, வைத்தியரின் மதிப்பீடு ஆகிய நான்கோடு நின்றுவிடுகிறது. ஆதலின் நோய் தணிந்து வரும் பிணியாளரிடம், இம்மருந்தைத் தினமும் உட்கொள்வதில் உங்களுக்குள்ள சங்கடம் யாது என்னும் ஒரு வினாவையேனும் வைத்தியர்கள் ஒவ்வொரு முறையும் கேட்டு, விடையைத் தேதியுடன் குறித்து வைக்க வேண்டுகிறேன்.