காயவேண்டும், ஆனால் சாகக்கூடாது!

பிள்ளைச்சாவடிக் கடற்கரையில் மாலையில் சற்று நேரம் நின்று பாருங்கள், சட்டை பிசுபிசுக்கும். அதே காற்றில் திறந்து வைத்த மிளகாய் விதையும் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். விதையின் ஈரம் நூற்றுக்கு ஒரு பங்கு குறைந்தால் அதன் ஆயுள் ஏறக்குறைய இரட்டிக்கும் என்பது ஹாரிங்டன் என்ற விஞ்ஞானி வகுத்த கணக்கு. ஆகவே விதை காயவேண்டும். அதன்மேல் பூசும் நன்மை தரும் பாக்டீரியாவோ காய்ந்தால் மடியும்! பௌதிகம் கற்பிக்கும் எனக்கு இந்த இழுபறியில்தான் சுவை.

1886-இல் ஜெர்மனியில் ஹெல்ரீகல், அவரைக் குடும்பச் செடிகளின் வேர்முடிச்சில் உள்ள நுண்ணுயிர்களே அவற்றுக்குக் காற்றின் நைட்ரஜனைக் கொடுக்கின்றன என்று அறிவித்தார். இரண்டே ஆண்டுகளில் ஹாலந்து விஞ்ஞானி பெயரிங்க் அந்த பாக்டீரியாவைத் தனியே பிரித்து வளர்த்தார். 1896-இல் நோபே, ஹில்ட்னர் இருவரும் அதை 'நைட்ரஜின்' என்ற பெயரில் விற்பனைப் பொருளாக்கினர். புட்டிக்குள் உயிரோடிருந்தவற்றுள் பல, விதைமேல் காய்ந்ததும் இறந்தன.

ஈரத்தை விடாமல் பிடித்து வைக்கும் ஒரு பொடி தேவைப்பட்டது. மேல்நாடுகளில் 'பீட்' என்னும் மக்கிய கரிமண் அதற்கு உதவியது. இந்தியாவில் 1920-இல் என். வி. ஜோஷி இத்துறை ஆய்வைத் தொடங்கினார். ஆனால் பீட் இங்கு நீலகிரி போன்ற சில இடங்களிலேயே கிடைத்தது. அந்தக் குறையைத் தீர்க்க வந்தது எது தெரியுமா? 1961-இல் நெய்வேலிச் சுரங்கத்தில் வெளிப்பட்ட அதே பழுப்பு நிலக்கரிதான்! அதைப் பொடித்து, சுண்ணாம்புச் சத்தால் புளிப்பை முறித்து, பாக்டீரியாவைக் கலந்து 200 கிராம் பைகளில் அடைத்தார்கள். அவரைக்கு ரைசோபியம், வேர்முடிச்சில்லாத கத்தரி, மிளகாய், தக்காளிக்கு அசோஸ்பைரில்லம். ஆறிய அரிசிக் கஞ்சியில் குழைத்து விதையில் பூசுங்கள். அரை மணி நிழலில் உலர்த்தி, 24 மணிக்குள் விதைத்துவிடுங்கள். வெயில் ஆகாது.

அவசரம் ஏன் என்று நான் பட்டுத்தான் அறிந்தேன். பூசிய மிளகாய் விதையில் மீதியை டப்பாவில் போட்டு மறந்தேன். கஞ்சி ஈரம் முழுவதும் உலரவில்லை. பூஞ்சணம் பிடித்து விதையே போயிற்று.

சேமிப்புக்கு வேறு கூட்டாளிகள் வேண்டும். பாசில்லஸ் சப்டிலிஸ் என்ற பாக்டீரியா கெட்டி ஓடுடைய வித்தாகிக் கிடக்கும் என்பதை 1876-இலேயே ஃபெர்டினாண்ட் கோன் விளக்கியிருந்தார். நாற்றழுகலைத் தடுக்கும் டிரைக்கோடெர்மா பூஞ்சணமும் வித்துகளை உண்டாக்கும். கிலோ விதைக்கு 4 கிராம் பொடி போதும். ஆனால் இவை எதுவும் விதையை உலர்த்தாது. நம் கடற்கரையில் முதலில் நன்கு காய்ந்த விதை, பிறகு பூச்சு, மறுபடி நிழல் உலர்ச்சி, கடைசியில் காற்றுப் புகாத டப்பா.