இரைச்சலின் ருசி

இரைச்சலைக் காசு கொடுத்து யாராவது கேட்பார்களா? ஈக்காட்டுத்தாங்கல்வாசியான எனக்கு அது இலவசம். பக்கத்திலே 1958-ல் வந்த கிண்டித் தொழிற்பேட்டை. போதாததற்கு, 2015 முதல் தலைக்கு மேலே மெட்ரோ ரயில்.

ஆனால் மின்சாரக் கருவியால் வேண்டுமென்றே இரைச்சலை எழுப்பி, அதைச் சங்கீதம் என்கிறவர்களும் இருக்கிறார்கள். மேனாட்டுப் பைத்தியம் என்று தள்ளிவிட வேண்டாம். 1969-லேயே ஆமதாபாத் தேசிய வடிவமைப்புக் கழகத்தில் இதற்கென்று ஒரு கூடம் ஏற்பட்டது. 'மோக்' என்ற கருவியை அங்கே நிறுவியவர் அமெரிக்கரான டேவிட் டியூடர். பலே ஆசாமி! ஜான் கேஜ் இயற்றிய உருப்படி ஒன்றுக்காக, 1952-ல் சபை நடுவே பியானோவின் முன் 4 நிமிஷம் 33 விநாடி உட்கார்ந்து, ஒரு ஸ்வரம்கூட வாசிக்காமல் எழுந்து போனவர்.

அந்தக் கேஜுக்கு 1946-ல் நியூயார்க்கில் நம் சங்கீதத்தைச் சொல்லிக் கொடுத்தவர் கீதா சாராபாய். மனத்தை அடக்கி அமைதியாக்குவதே சங்கீதத்தின் பயன் என்று தம் குரு கூறியதை அவர் சொல்ல, கேஜ் அதைக் கடைசிவரை மறக்கவில்லை. ஆமதாபாத் கூடத்தில் அந்த அம்மையாரும் ஒலிப்பதிவு செய்தார். 1972-க்குப் பின் உறங்கிய நாடாக்கள் 2023-ல்தான் இசைத்தட்டாக வெளிவந்தன.

கேட்டேன். ராகம் வரும், தாளம் வரும் என்று காது காத்திருக்கிறவரையில் எரிச்சல்தான். வராது என்று தெரிந்ததும் காது காத்திருப்பதை விட்டுவிடுகிறது. அப்புறம் ஒரு ரீங்காரம் தடிப்பதும், மெலிவதும், உடைந்து பொடியாவதுமே போதும் என்றாகிவிடுகிறது. கச்சேரிக்கு முன் தம்புராவுக்குச் சுருதி சேர்க்கும்போதே சொக்கிப் போகிறவர்களுக்கு இது விளங்கும். என் வீட்டில் விளங்கவில்லை. மிக்ஸி கெட்டுவிட்டதா என்று அடுக்களையிலிருந்து குரல் வந்தது.