அருகிலிருக்கும் கடாரம்

அருங்காட்சியகம் என்றால் இலண்டனுக்கும் பாரிசுக்கும்தான் போகவேண்டுமென்று பலர் எண்ணுகிறோம். மாக் மண்டினிலிருந்து வடக்கே மூடா ஆற்றைக் கடந்து சென்றால், கெடா மாநிலத்து மெர்போக்கில் பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகம் இருக்கிறது. புக்கிட் பத்து பாகாட் கோயிலின் கல் அடித்தளத்தை அங்கே காணலாம்.

தமிழர் கடாரம் என்றது இந்தக் கெடாவையே என்பர் ஆய்வாளர். கடாரத்தரசன் நாகப்பட்டினத்தில் எழுப்பிய புத்த விகாரத்துக்கு 1006இல் இராசராச சோழன் ஆனைமங்கலம் என்னும் ஊரை அளித்தான். அதைக் கூறும் செப்பேடு ஹாலந்து சென்று, 'லெய்டன் செப்பேடு' எனப் பெயர் பெற்றது. 1025இல் இராசேந்திரனின் கப்பற்படை கடாரத்தைத் தாக்கியது.

இப்பள்ளத்தாக்கில் 2013இல் ஒரு பழங்கோயிலின் எச்சம் நில மேம்பாட்டுப் பணியில் இடித்துத் தள்ளப்பட்டது. கடல் கடந்த செப்பேடு பிழைத்தது. கவனிப்பாரற்ற கல் நம் அருகிலிருந்தும் அழிந்தது. எஞ்சியவற்றை அடுத்த விடுமுறையில் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.