காப்பவரும் ஆய்பவரும்: புற்றுநோய்த் திசு வங்கிப் பொறுப்பின் வரலாறு

புற்றுநோய்த் திசு வங்கிகளின் வரலாற்றைச் சொல்பவர்கள் பெரும்பாலும் பொருள்களிலிருந்தே தொடங்குகிறார்கள். 1893-இல் ஃபெர்டினாண்ட் புளூம் ஃபார்மலினின் பதப்படுத்தும் ஆற்றலைக் கண்டறிந்தார். திசுவைப் பாரஃபின் மெழுகில் பதித்து வைக்கும் வழக்கம் பரவியது. பிறகு திரவ நைட்ரஜன், மைனஸ் 80 டிகிரி உறைபெட்டி, மாதிரியைத் தானே தேடியெடுக்கும் இயந்திரக் கை. இந்த வரிசையில் தவறில்லை. ஆனால் ஒரே வகை உறைபெட்டி வைத்திருக்கும் இரண்டு வங்கிகளில் ஒன்றின் மாதிரி ஆய்வுக்கு ஏற்கப்படுவதும் மற்றொன்றின் மாதிரி ஒதுக்கப்படுவதும் ஏன் என்பதற்கு இதில் விடை கிடைக்காது. திசுவைக் காப்பவர் அதை ஆய்பவரிடமிருந்து பிரிந்து தனிப் பொறுப்பாளர் ஆனதுதான் இந்த வரலாற்றின் பெரிய திருப்பம் என்பது இக்கட்டுரையின் வாதம். அதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு பிடித்தது. சில சண்டைகளும் வேண்டியிருந்தன.

பிரிவுக்கு முந்தைய நிலையை 1951-இல் பால்டிமோரில் பார்க்கலாம். ஹென்ரியட்டா லாக்ஸின் கருப்பைவாய்க் கட்டியிலிருந்து, அவரைக் கேட்காமலே எடுத்த துணுக்கு, ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஜார்ஜ் கை நடத்திய ஆய்வகத்துக்கு வந்தது. அதை நறுக்கிக் குழாய்களில் இட்டு வளர்த்தவர் உதவியாளர் மேரி குபிசெக். சேகரிப்பதும் காப்பதும் ஆய்வதும் கேட்டவருக்கெல்லாம் அனுப்பிவைப்பதும் அந்த ஒரே ஆய்வகம்தான். ஜார்ஜ் கையின் பெருந்தன்மையை யாரும் மறுப்பதில்லை. அந்தத் துணுக்கிலிருந்து வளர்ந்த ஹீலா செல்களை அவர் விற்றுக் காசாக்கவில்லை. ஆனால் கொடுத்த செல் போன இடத்தில் எதனோடு கலந்தது என்று பார்க்கும் பொறுப்பு யாருக்கும் இல்லை. விளைவு 1966-இல் வெளிப்பட்டது: வெவ்வேறு திசுக்களிலிருந்து வந்தவை என்று நம்பப்பட்ட 18 செல் வரிசைகள் ஹீலாவின் கலப்படமே என்று மரபியலாளர் ஸ்டான்லி கார்ட்லர் ஒரு மாநாட்டில் அறிவித்தார். அரங்கம் மகிழவில்லை. கலிஃபோர்னியாவின் ஓக்லண்டில், அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் நிதியில் இயங்கிய செல் வங்கியைக் கவனித்த வால்டர் நெல்சன்-ரீஸ் 1970-களில் இந்த வேலையைத் தன் கடமையாகவே எடுத்துக்கொண்டார். நிறமூர்த்தங்களின் பட்டைகளை ஒப்பிட்டு, எந்த ஆய்வகத்தின் எந்தச் செல் கலப்படமானது என்று ‘சயன்ஸ்’ இதழில் பட்டியலாக வெளியிட்டார். சோவியத் ஆய்வகங்களிலிருந்து நட்புறவின் பேரில் வந்த செல்களிலும் ஹீலாவே இருந்தது. ஆண்டுக்கணக்கான உழைப்பு வீணானதைப் பெயர் சொல்லிக் காட்டுபவரை யாருக்குப் பிடிக்கும்? 1981-இல் அவர் துறையை விட்டே விலகினார். இந்த நிகழ்ச்சியைத் தனிமனிதப் பிடிவாதத்தின் கதையாகச் சொல்வது வழக்கம். எனக்கு அது ஒரு பதவி பிறந்த கதையாகப் படுகிறது: தனக்கென்று எந்த முடிவையும் நிரூபிக்க வேண்டிய தேவை இல்லாத ஒருவரால்தான் அந்தப் பட்டியலை எழுத முடிந்தது.

மருத்துவமனைகளில் நிலைமை வேறு. அங்கே திசு சேர்ந்தது ஆய்வுக்காக அன்று, நோயறிதலுக்காக. 1999-இல் வெளியான ராண்ட் நிறுவன அறிக்கை, அமெரிக்காவில் 30 கோடிக்கும் மேற்பட்ட மனிதத் திசு மாதிரிகள் சேமிப்பில் இருப்பதாக மதிப்பிட்டது. தங்கச் சுரங்கம் என்றே பலரும் எண்ணினார்கள். 2006-இல் புற்றுநோய் மரபணு வரைபடத் திட்டம் தொடங்கியபோது அந்த எண்ணம் உடைந்தது. மாதிரியில் 80 விழுக்காடு செல் உட்கருக்கள் கட்டியினுடையவையாக இருக்க வேண்டும், இறந்த திசு 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது, அதே நோயாளியின் இயல்பான திசுவோ இரத்தமோ துணைக்கு வேண்டும் என்று திட்டம் நிபந்தனை வைத்தது. வங்கிகள் தம்மிடம் இருப்பதாகச் சொன்னவற்றில் கணிசமான பகுதி இதில் தேறவில்லை. தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் உயிர்மாதிரி அலுவலகத்துக்குத் தலைமை தாங்கிய நோயியல் மருத்துவர் கேரலின் காம்ப்டன் இதை வெளிப்படையாகவே பேசினார். குறை குளிரில் இல்லை. அறுவை மருத்துவர் இரத்தக் குழாயைக் கட்டிய கணத்திலிருந்து திசு மாறத் தொடங்குகிறது. ஃபார்மலினில் எத்தனை மணி நேரம் கிடந்தது என்பதைப் பொறுத்து அதன் புரதமும் ஆர்என்ஏவும் வேறாகின்றன. மார்பகப் புற்றுநோயின் ஹெர்2 பரிசோதனைக்கு 6 முதல் 48 மணி நேரம் என்று 2007-இல் அமெரிக்க வழிகாட்டி எல்லை வகுத்ததும் இதனால்தான். அந்த நேரத்தைக் குறித்துவைக்க ஒருவர் அறுவை அரங்கின் வாசலில் நிற்காமல் போனதே குறை. 2010-இல் வந்த ஸ்ப்ரெக் குறியீடு, திடத் திசு கடந்துவந்த நிலைகளை ஏழு கூறுகளில் பதிவு செய்யச் சொல்கிறது. அந்த ஏழையும் நிரப்புவது மனிதர்கள்தான்.

பிரிவு திட்டமிட்டே செய்யப்பட்ட இடம் செர்னோபில் திசு வங்கி. 1986 ஏப்ரல் 26 விபத்துக்குப் பிறகு, குழந்தைகளிடம் தைராய்டு புற்றுநோய் பெருகுவதை 1992-இல் ‘நேச்சர்’ இதழின் கடிதங்கள் உலகுக்குச் சொன்னதும் மேற்கு நாட்டு ஆய்வுக் குழுக்கள் திசு கேட்டு வரத் தொடங்கின. குழந்தையின் தைராய்டுக் கட்டி சிறியது. முதலில் வந்தவர் எடுத்துக்கொண்டால் அடுத்தவருக்கு மிச்சமில்லை. ஒவ்வொரு குழுவும் சில பத்து நோயாளிகளை வைத்துத் தன் முடிவை வெளியிட்டது. ரெட்/பிடிசி3 என்ற மரபணு இணைவு கதிர்வீச்சின் கையெழுத்து என்று சொல்லப்பட்டு, அது நோயாளியின் வயதோடும் கட்டியின் வடிவத்தோடும் பின்னிக்கிடப்பது பிறகே தெரிந்தது. 1998-இல் நிறுவப்பட்ட வங்கி இந்தப் போட்டியை விதிகளால் கட்டியது. ஐரோப்பிய ஆணையமும் அமெரிக்கப் புற்றுநோய் நிறுவனமும் ஜப்பானின் சசகாவா அறக்கட்டளையும் பணம் தந்தன. ஆனாலும் திசு கீவிலும் ஓப்னின்ஸ்கிலும் உள்ள மருத்துவ நிறுவனங்களை விட்டு நகரவில்லை. ஒருங்கிணைத்தவர் லண்டன் இம்பீரியல் கல்லூரியின் ஜெரால்டின் தாமஸ். கீவில் ஒவ்வொரு கட்டியையும் பார்த்தவர்களில் முதன்மையானவர் நோயியல் மருத்துவர் தெத்யானா போக்டனோவா. ஒரு நாட்டு மருத்துவர் சொன்னதே தீர்ப்பு என்றில்லாமல், பல நாட்டு நோயியல் மருத்துவர்களின் குழு ஸ்லைடுகளைப் பார்த்து ஒத்த முடிவுக்கு வந்த பிறகே நோயின் பெயர் பதிவாயிற்று. கட்டியை அப்படியே கொடுப்பதற்குப் பதில் அதிலிருந்து பிரித்த டிஎன்ஏ, ஆர்என்ஏவின் பங்குகளைக் கொடுத்ததால், ஒரே நோயாளியின் மாதிரி பல ஆய்வகங்களுக்குப் போக முடிந்தது. பெற்றவர் தன் முடிவை நோயாளிவாரியாக வங்கிக்குத் திருப்பித் தர வேண்டும். யாருக்குக் கொடுப்பது என்பதை வெளி வல்லுநர் குழு பரிசீலித்தது. 2021-இல் ‘சயன்ஸ்’ இதழில் வந்த ஆய்வு இந்த உழைப்பின் மேல் நிற்கிறது: 440 பாப்பிலரி தைராய்டு கட்டிகள், அவற்றில் 81 விபத்துக்கு ஒன்பது மாதங்களுக்குப் பின் பிறந்து கதிர்வீச்சுக்கு ஆளாகாதவர்களுடையவை. கதிரளவு கூடக்கூட மரபணு இணைவுகள் கூடின. கதிர்வீச்சுக்கே உரிய தனி அடையாளம் எதுவும் கிடைக்கவில்லை. இரண்டாவது முடிவைச் சொல்ல அத்தனை கட்டிகளும், ஒப்பிட அந்த 81-உம் வேண்டும். சில பத்து நோயாளிகளை வைத்திருந்த குழு எதுவும் அதைச் சொல்லியிருக்க முடியாது.

இதற்கெல்லாம் காரணம் சட்டம்தான், காப்பவர்கள் அன்று என்று ஒரு மறுப்பு எழலாம். லிவர்பூலின் ஆல்டர் ஹே மருத்துவமனையில் குழந்தைகளின் உறுப்புகள் பெற்றோருக்குத் தெரியாமல் வைக்கப்பட்டிருந்தது அம்பலமானதும் பிரிட்டனில் 2004-இன் மனிதத் திசுச் சட்டம் வந்தது உண்மை. ஆனால் அந்தச் சட்டமே என் வாதத்துக்குத் துணை நிற்கிறது: ஒவ்வோர் உரிமத்துக்கும் பொறுப்பாளர் ஒருவரைப் பெயர் சொல்லி நியமிக்கக் கோருகிறது. காப்பது ஒருவரின் வேலை என்று சட்டமும் ஏற்றுக்கொண்டது.

அடுத்த மறுப்பு கடினமானது. காப்பவரைப் பிரித்ததால் திசு கொடுத்தவருக்கு என்ன லாபம்? புரோஸ்டேட் புற்றுநோய் அறுவை மருத்துவர் வில்லியம் கேட்டலோனா 2003-இல் செயின்ட் லூயிஸின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தை விட்டு நார்த்வெஸ்டர்னுக்குப் போனபோது, தாம் சேகரித்த மாதிரிகளை உடன் அனுப்பும்படி நோயாளிகளிடம் கடிதம் வாங்கினார். ஏறத்தாழ 6,000 பேர் கையெழுத்திட்டார்கள். 2006-இல் மாவட்ட நீதிமன்றமும் அடுத்த ஆண்டு மேல்முறையீட்டு நீதிமன்றமும் மாதிரிகள் பல்கலைக்கழகத்துக்கே சொந்தம் என்றன. மருத்துவரின் தனிச்சொத்தாக வங்கி இருக்க முடியாது என்ற வகையில் இது சரியான தீர்ப்பு. கையெழுத்திட்டவர்களின் சொல்லுக்கு எடையே இல்லாமல் போனதை அப்படிச் சரியென்று சொல்ல என்னால் முடியவில்லை. ஆய்பவரிடமிருந்து விலகியது மட்டும் காப்பவரைக் கொடுத்தவருக்குக் கடமைப்பட்டவராக ஆக்கிவிடாது. அதற்குத் தனி ஏற்பாடு வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட நெறிமுறைகள் உயிர்மாதிரி வங்கிகளுக்கென்று ஒரு பகுதியை ஒதுக்கியிருக்கின்றன. சென்னை ஐஐடியில் மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையோடு சேர்ந்து நடத்தப்படும் தேசியப் புற்றுநோய்த் திசு வங்கி போன்றவற்றுக்கு இந்தப் பகுதிதான் அன்றாட வேலையின் எல்லைக்கோடு.

காவல் கூடினால் பயன் குறையும், பூட்டிய திசுவால் யாருக்கும் நன்மையில்லை என்ற குறையும் உண்டு. பல வங்கிகளில் சேமிப்பு பெருகி விநியோகம் நத்தையாய் நகர்வதை அத்துறையினரே ஒப்புக்கொள்கிறார்கள். இதன் வேர் கட்டுப்பாட்டில் இருப்பதாக நான் நினைக்கவில்லை; காப்பவருக்குக் கிடைக்கும் மதிப்பில் இருக்கிறது. 2015-இல் வந்த கோப்ரா வழிகாட்டி, பயன்படுத்திய வங்கியைக் கட்டுரைகளில் முறையாகச் சுட்டச் சொல்கிறது. சுட்டப்படுவது வங்கியின் பெயர்தான். மாதிரிக்கான கோரிக்கையை வேகமாக நகர்த்தியவருக்கு அதனால் பதவி உயர்வு வந்துவிடாது. அவரை ஆசிரியர் பட்டியலில் சேர்த்தால் அவரும் ஆய்பவராகி, இத்தனை பாடுபட்டு வந்த பிரிவு கலைந்துவிடாதா என்று கேட்கலாம். செர்னோபில் ஆய்வின் ஆசிரியர்களில் போக்டனோவாவும் தாமஸும் இருக்கிறார்கள். அங்கே பிரிவு கலையவில்லை, ஏனெனில் பிரிக்கப்பட வேண்டியது அறிவு அன்று, பங்கிடும் அதிகாரம். அது வெளிக்குழுவின் பரிசீலனைக்கு உட்பட்டிருந்தது. அப்படி ஒரு குழு இல்லாத வங்கியில் காப்பவரே ஆசிரியரும் ஆனால், 1951-இன் பால்டிமோர் ஆய்வகத்துக்கும் அதற்கும் மிஞ்சும் வேறுபாடு உறைபெட்டியின் விலைதான்.